ஒரு மடிக்கணினி, இரண்டு இயங்குதளங்கள்

வடகரப்பதியிலிருந்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் கேரள அரசுப் பள்ளியில் பயின்றவள். இப்பொழுது கோயம்புத்தூரில் காட்சித் தொடர்பியல் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். பள்ளியில் கற்றது லினக்ஸ். கல்லூரியில் கையாளுவது விண்டோஸ். இரண்டிலும் காணொளி தொகுக்கவல்ல மடிக்கணினி ஒன்று வேண்டும். நகையொன்றை அடகு வைத்துப் பணம் திரட்டியாயிற்று. தவறிப்போனால் மறுமுறை வாங்க வழியில்லை. எதை வாங்கலாம் என்று வினவுகிறார். எல்லைப்புறத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இவ்வினா பொருந்துமாதலின், இத்திங்கள் இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

இவ்விரட்டை நிலை தற்செயலாக வந்ததன்று. கேரளத்தில் 2001-ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கிற்று. 2017-இல் அது 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. அதன் வழியே அரசுப் பள்ளிகளில் லினக்ஸும் கட்டற்ற மென்பொருள்களும் வேரூன்றின. உரிமக் கட்டணமின்றி ஏழை மாணவரும் கற்கலாம் என்பது அதன் பெருநன்மை. ஆனால் வாளையாற்றைக் கடந்து கோவைக்குச் சென்றால் பெரும்பாலும் விண்டோஸே எதிர்ப்படுகிறது.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது பழகிய சங்கடமாகவே தோன்றுகிறது. பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை மீட்டர் பாதையாயிருந்த நாட்களில் அகலப்பாதை வண்டி அதில் ஓட இயலாது. பாதை மாறுமிடத்தில் சரக்கை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். இறக்கி ஏற்றுகையில்தான் சேதமும் உண்டாகும். கணினியிலும் அவ்வாறே. இயந்திரத்தின் பெருமையைக் காட்டிலும், சரக்கு சேதமின்றி மாறுமா என்பதே முதலில் பார்க்கத்தக்கது.

ஆகவே கடைக்குப் போகுமுன் மென்பொருளைத் தீர்மானியுங்கள். கேடென்லைவ் இலவசமானது, இரு தளங்களிலும் இயங்குவது. டாவின்சி ரிசால்வும் இரண்டிலும் உண்டு. ஆயினும் லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு, கைப்பேசியில் எடுக்கும் எச்.264, எச்.265 வகைப் படங்களை நேராகத் திறப்பதில்லை. வேறு வடிவத்துக்கு மாற்றிய பின்னரே வேலை செய்யலாம். அடோபி பிரீமியர் விண்டோஸிலும் மேக்கிலும் மட்டுமே. அதற்குத் தொடர்ந்து சந்தா கட்ட வேண்டும். ஃபைனல் கட் புரோ ஆப்பிள் கருவிகளுக்கே உரியது. கல்லூரி எதைக் கற்பிக்கிறது என்பதை ஆசிரியரிடம் கேட்டறிவது, கடைக்காரரிடம் கேட்பதினும் பயன் தரும்.

மேக் நல்ல கருவியே. எனினும் 2020-இல் தொடங்கி ஆப்பிள் தன் சொந்தச் செயலியைப் பொருத்திய மேக்குகளில், முன்போல் 'பூட் கேம்ப்' வழியாக விண்டோஸை நேரடியாக நிறுவ இயலாது. இவ்வன்பரின் தேவைக்கு அது உகந்ததன்று.

இனி இயந்திரம். ரேம் 16 ஜி.பி. இருத்தல் நலம். 8 ஜி.பி. மட்டும் கிடைப்பின், பின்னால் கூட்டுவதற்கு இடமுண்டா என்று பாருங்கள்; பல மெல்லிய கணினிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இரு தளங்களையும் நிறுவ 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. குறைந்தபட்சம், படங்களுக்கு வெளித்தட்டு தனியே வேண்டும். லினக்ஸ் உள்ள பென்டிரைவ் ஒன்றைக் கடைக்குக் கொண்டுசென்று, கடைக்காரரின் இசைவுடன் அதிலிருந்தே கணினியைத் துவக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரை ஒளி ஆகியவை சரியாக இயங்குகின்றனவா என்பது கால் மணி நேரத்தில் விளங்கிவிடும்.

பழைய கணினி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அத்தகைய கணினி லினக்ஸுக்குப் பயன்படலாம். இரண்டும் வேண்டுவோர் அதனை வாங்குதல் தகாது.

வாங்கிய பின் செய்ய வேண்டுவன சில. வெளித்தட்டை எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்தால் இரு தளங்களும் படிக்கும், எழுதும். பழைய ஃபேட்32-இல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு அடங்காது. விண்டோஸின் 'விரைவுத் தொடக்கம்' என்னும் வசதியை நிறுத்திவிடுங்கள். இன்றேல் விண்டோஸ் பகுதியில் லினக்ஸ் எழுத முடியாமற் போகக்கூடும். படங்கள், ஒலிகள், திட்டக் கோப்பு அனைத்தையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். தமிழ்த் தலைப்பு எழுதும் எழுத்துருவை இரு தளங்களிலும் நிறுவுங்கள்; இல்லையேல் ஒன்றில் அழகாயிருந்த தலைப்பு மற்றொன்றில் வேறுருக் கொள்ளும். இரண்டாம் தளத்தை நிறுவுமுன் உள்ளவற்றையெல்லாம் நகலெடுத்துக் கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. விலை குறைந்த கணினியில் 4கே படம் தடுமாறினால் அஞ்ச வேண்டுவதில்லை. கேடென்லைவில் 'பிராக்ஸி' என்னும் சிறிய பதிலிப் படங்களை உண்டாக்கித் தொகுத்து, முடிவில் மூலப்படத்திலிருந்தே வெளியிடலாம். பொறுமை சிறிது கூடும்; செலவு பெரிதும் குறையும்.

அன்பருக்கு நாம் கூறுவது இதுவே: கல்லூரிக்குச் சென்று விசாரித்து, மகளுடைய பள்ளி வேலை ஒன்றை இரு தளங்களிலும் திறந்து பார்த்த பின்னர் பணத்தை எடுங்கள். அடகு வைத்த நகை மீள வேண்டுமானால், வாங்கும் கருவி அவளுடைய படிப்பு முடியும் மட்டும் உழைக்க வேண்டும். கண்ணைக் கவரும் விளம்பரத்தைக் காட்டிலும் கையில் பழகிய தொழிலே அதற்குத் துணை நிற்கும்.