பத்து நிமிட உறுமல்

வாரத்துக்கு ஒருமுறை கராஜுக்குப் போய் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால், குளிர்காலம் முழுக்க பேட்டரி தெம்பாக இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் இதைவிட உறுதியான நம்பிக்கையைப் பார்ப்பது அரிது. நம்மூரிலும் வெளிநாடு கிளம்புகிறவர் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி விடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார். ஆனால் இந்த நம்பிக்கையின் தாய்வீடு குளிர்நாடுகள். அதனால் ஜெர்மனியில் வைத்தே பேசுவோம்.

அங்கே 1997 முதல் 'சீசன் நம்பர் பிளேட்' என்று ஒன்று உண்டு. பிளேட்டின் வலது ஓரத்தில் 04, அதன் கீழே 10 என்று அச்சிட்டிருந்தால், அந்த வண்டி ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அக்டோபர் 31 வரை மட்டுமே சாலைக்கு வரலாம். மற்ற ஐந்து மாதங்கள் பொதுச் சாலையில் ஓட்டவும் கூடாது, ஓரமாக நிறுத்தி வைக்கவும் கூடாது. வரியும் காப்பீடும் மிச்சம். சாலையில் தூவும் உப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கும் கவலையும் இல்லை. எனவே போர்ஷே 911 போன்ற வண்டிகளில் பல நவம்பரில் உள்ளே போனால் வசந்தத்தில்தான் வெளியே வருகின்றன. வாரம் ஒரு நாள் உரிமையாளர் கீழே இறங்கிப் போய்ச் சாவியைத் திருகுகிறார். எஞ்சின் உறுமுகிறது. பேட்டரிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியோடு மாடியேறுகிறார்.

பேட்டரியைத் தவணை முறையில் கொல்லும் வேலை இது.

இந்த நம்பிக்கையை எதிர்ப்பவர்களும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஸ்டார்ட் செய்யும்போது போகிற மின்சாரம் பத்து நிமிடத்தில் திரும்பி வராது என்கிறார்கள். அது சரியல்ல. ஸ்டார்ட்டர் மோட்டார் 300 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு நொடிக்குத்தான் இழுக்கிறது. கணக்குப் போட்டால் 0.17 ஆம்பியர்-மணி. ஆல்டர்னேட்டர் அதை ஓரிரு நிமிடத்தில் ஈடுகட்டிவிடும். நம்பிக்கை தோற்பது அந்த இரண்டு நொடியில் அல்ல, மிச்சமுள்ள ஆறு நாள் இருபத்துமூன்று மணி நேரத்தில்.

பூட்டி நிறுத்திய இன்றைய கார் உறங்குவதில்லை. அலாரம், ரிமோட் சாவிக்குக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம், அரைத் தூக்கத்தில் இருக்கும் கணினிகள் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை சொட்டுச் சொட்டாக உறிஞ்சுகின்றன. இது பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நடுவாக 30 மில்லியாம்பியர் என்று வைத்தாலும் வாரத்துக்கு 5 ஆம்பியர்-மணி போய்விடுகிறது. 150 நாளுக்கு 108. பேட்டரியின் கொள்ளளவோ சுமார் 70.

வரவைப் பார்ப்போம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் சுழற்சி குறைவு. அது தரும் மின்சாரத்தையும் எரிபொருள் பம்ப், இக்னிஷன், ஹீட்டர் விசிறி, பின்கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிகள் என்று ஆளுக்கொரு கை அள்ளிக்கொள்கின்றன. மிச்சத்தைக் குளிர்ந்துபோன பேட்டரி ஆவலாக வாங்கிக்கொள்வதும் இல்லை. வெப்பம் குறையக் குறைய உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகிறது. தாராளமாக 15 ஆம்பியர் உள்ளே போகிறது என்றாலும் பத்து நிமிடத்தில் சேர்வது 2.5 ஆம்பியர்-மணிதான். போதாக்குறைக்கு, கதவைத் திறந்த நிமிடமே எல்லாக் கணினிகளும் விழித்துக்கொள்கின்றன. பூட்டிய பிறகும் அடங்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்தச் செலவும் பேட்டரியின் கணக்கில்தான். ஐந்து ரூபாய் வட்டிக்கு இரண்டரை ரூபாயைக் கட்டிவிட்டு, கடன் அடைகிறது என்று நம்புகிறவரின் நிலைமை இது.

ஆனாலும் ஏப்ரலில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுகிறதே? ஆகும். பல வண்டிகளில் ஆகத்தான் செய்யும். சார்ஜ் இறங்க இறங்க பேட்டரி கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். அதனால் முழுக்கச் சாகாமல் பாதி அளவில் ஊசலாடிக்கொண்டிருக்கும். செல்ஃப் எடுக்க அது போதும். நம்பிக்கை பிழைத்துக் கிடப்பதே இந்தப் பாதி வெற்றியால்தான். ஈய-அமில பேட்டரிக்கு அரைப் பட்டினியைப் போல ஆகாதது வேறில்லை. சார்ஜ் குறையும்போது தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே முழுதாகச் சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகங்கள் பெருத்து இறுகிப்போகும். பிறகு எந்தச் சார்ஜுக்கும் முழுதாக மசியாது. கொள்ளளவு வருடா வருடம் சுருங்குகிறது. ஒருநாள் பேட்டரி கைவிட்டதும், "இந்தக் கம்பெனி பேட்டரியே இப்படித்தான்" என்று பழி வேறு இடத்துக்குப் போய்விடுகிறது.

அமிலம் உறையும் ஆபத்தும் இருக்கிறது. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. அறவே இறங்கிப்போன பேட்டரியில் அது நீர்த்துப்போய் மைனஸ் 10 டிகிரிக்கு அருகிலேயே உறைந்து, பெட்டியையே பிளந்துவிடக்கூடும். திறந்த கொட்டகையில் நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எஞ்சின் படும் பாட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாக வெளியேறிவிடும். பத்து நிமிட ஐடிலில் சைலன்ஸர் முழுதாகச் சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தங்கித் துருவுக்கு வழி செய்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயில் கலக்கிறது. பேட்டரிக்காகச் செய்வதாகச் சொல்லி எஞ்சினையும் சைலன்ஸரையும் பாழாக்குவது என்ன சிக்கனமோ! மூடிய கராஜில் இதைச் செய்கிறவர் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துச் சுவாசிக்கிறார். அது வாசனையில்லாத விஷம்.

"எங்கள் அப்பா காலத்தில் இது வேலை செய்ததே" என்பார்கள். செய்யவில்லை. அப்பாவின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இருந்தது 6 வோல்ட் டைனமோ. அது ஐடிலில் சார்ஜே செய்யாது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுங்கி அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தது. அந்தப் பேட்டரி பிழைத்ததற்குக் காரணம் வேறு: காரில் உறிஞ்ச எதுவுமே இல்லை. கணினி இல்லை, அலாரம் இல்லை. பேட்டரி தானாக இறங்குவது மெதுவாகத்தான், குளிரில் இன்னும் மெதுவாக. அப்பா கராஜ் பக்கமே போகாமல் இருந்திருந்தாலும் வண்டி வசந்தத்தில் கிளம்பியிருக்கும். புண்ணியம் சடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொரு பழைய பயமும் இதற்குத் துணை நிற்கிறது: சார்ஜரை மாட்டியே வைத்தால் பேட்டரி வெந்துபோகும் என்பது. அந்தக்கால சார்ஜர்களைப் பொறுத்தவரை அது நியாயமான பயம். நிறுத்தத் தெரியாமல் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்து அமிலத்தைக் கொதிக்க வைத்தன. இன்றைய பராமரிப்பு சார்ஜர் வேறு வகை. 14.4 வோல்ட் வரை ஏற்றி, பேட்டரி நிரம்பியதும் 13.6 வோல்ட் அளவுக்கு இறங்கி, கார் உறிஞ்சுவதை மட்டும் ஈடுகட்டிக்கொண்டு நிற்கும். சராசரியாக 5 வாட் எடுத்தாலும் ஐந்து மாதத்துக்கு 18 யூனிட்தான். பேட்டரியின் வகையைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவே. 2010 முதல் போர்ஷே தன் 911 ஜிடி3 வண்டிக்கு 6 கிலோவுக்கும் குறைவான லித்தியம் பேட்டரியைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தது; உறைகுளிரில் அது தடுமாறும் என்று கூடவே வழக்கமான ஈய பேட்டரியையும் கொடுத்தது! லித்தியத்துக்கு அதற்கென்று உள்ள சார்ஜர்தான் சரி. சல்ஃபேட்டைக் கரைக்க அதிர்வு மின்சாரம் அனுப்பும் ஈய பேட்டரி முறை அதற்கு ஆகாது.

நியாயமான எதிர்வாதம் ஒன்றே ஒன்று: அடுக்குமாடியின் நிலத்தடி நிறுத்தத்தில் பிளக் பாயிண்ட் இல்லை. அப்படியானால் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடலாம். உறிஞ்சல் அதோடு நிற்கும். முடிந்தால் வீட்டுக்கே தூக்கிவந்து ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜில் போடலாம். 997, 991 தலைமுறை 911-களில் மட்டும் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். பேட்டரி இருப்பது முன்பக்கச் சாமான் அறையில். அதன் மூடியைத் திறக்கும் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது. பேட்டரி செத்த பின் மூடி திறக்காது; மூடி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. இதற்காகவே இந்த மாடல்களில் கால்வைக்கும் இடத்து ஃபியூஸ் பெட்டிக்குள் வெளியே இழுக்கும்படி ஒரு பாசிட்டிவ் முனை வைத்திருக்கிறார்கள். அங்கே வெளி மின்சாரம் கொடுத்தால் மூடி திறக்கும். அதைத் தேடும் நிலை வராமல் இருக்க, டெர்மினலைக் கழற்றிய பின் மூடியை அழுத்திப் பூட்டாமல் சும்மா சாய்த்து வைத்தால் போதும். கதவுக் கண்ணாடிகளையும் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். மின்சாரம் இருந்தால் கதவு திறக்கும்போது கண்ணாடி தானாகச் சற்று இறங்கி ரப்பரை விட்டு விலகும். இல்லாவிட்டால் ரப்பரில் உரசிக்கொண்டு வரும்.