தக்காளி சூது, பால் சோறு

2023 ஜூலையில் கோலார் சந்தையில் 15 கிலோ தக்காளிப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. பறிகூலிகூடத் தேறாமல் சாலையோரம் கொட்டிய பருவங்களும் உண்டு. கோலார் தங்கவயலைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகள், வற்றாத ஆறில்லாத மாவட்டத்தில், ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றை நம்பி இந்தச் சூதில் இறங்குகிறார்கள். வீட்டில் உலை கொதிப்பது கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றும் பாலால்தான். அந்தப் பால் காசையும் தீவன விலை தின்றுவிடுகிறது. தக்காளி விலை ஏறியபோது தேசியக் கூட்டுறவு அமைப்புகள் மூலம் கொள்முதல் செய்து டெல்லியில் மலிவாக விற்றது மத்திய அரசு. விலை விழும்போதும் அந்த வேகம் வேண்டும். தீவனத்துக்கு மானியமும் வேண்டும். வாங்குகிறவருக்கு உள்ள பாதுகாப்பு விளைவிப்பவருக்கும் வேண்டாமா?