வீட்டுத் தோட்டம்: பியூஷியா

லோலாக்குப் போலத் தொங்கும் பியூஷியா மலருக்கு மடுல்சீமைக் குளிர் உகந்தது. உச்சி வெயில் ஆகாது. ஜெர்மானிய மூலிகை அறிஞர் பூக்ஸின் நினைவாக, பிரெஞ்சுத் துறவி ப்ளூமியே 1703-இல் இப்பெயரைச் சூட்டினார்.

இதனை வளர்ப்போர் சிலர் அன்பு மிகுதியாலேயே கொன்றுவிடுகின்றனர். நண்பகலில் இலை துவண்டதும் நீர் வார்த்தல் கூடாது. மண்ணில் விரல் நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருப்பின், செடி வேண்டுவது நீரன்று, நிழலே. நீர் மிகுந்தால் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாமையால் இலை மேலும் துவளும். நாமோ மீண்டும் நீர் வார்ப்போம்!

காலை வெயில் மட்டும் படுமிடத்தில், அடியில் துளையிட்ட தகரத்தில், இலைமட்கு கலந்த மண்ணிட்டு நடுக. புதுத் தளிரிலேயே மலர் தோன்றுமாதலால் நுனியைக் கிள்ளிவிடுதல் நன்று. விரல் நீளம் கிள்ளிய நுனியை ஈர மணலில் ஊன்றினால், அயல்வீட்டுக்கும் ஒரு செடி கிடைக்கும்.