கீமேன் கையில் கருவி எப்போது?

என் அப்பா கீமேன். விடியும்போதே ஸ்பேனர், சுத்தியல், சிவப்புக் கொடி, டெட்டனேட்டர் என்ற எச்சரிக்கை வெடி எல்லாம் சுமந்துகொண்டு தண்டவாளத்தோடு நடப்பார். கழன்ற கிளிப்பை அடித்து இறுக்குவார். விரிசல் கண்டால் எந்த எக்ஸ்பிரஸையும் அவர் நிறுத்தலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ரயில்வே வாரியம், மண்டலம், கோட்டம் என இறங்கிவரும் நிர்வாகத்தில் அவர் கடைசிப் படி. தெற்கு ரயில்வேயின் 6 கோட்டங்களிலும் அதே நிலைதான்.

இரட்டைப் பாதையில் ஒரு ரயிலுக்காக ஒதுங்கி நிற்பவருக்கு, அடுத்த பாதையில் வருகிற ரயிலின் சத்தம் கேட்காது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரை இப்படித்தான் இழந்தோம். ரயில் நெருங்கினால் எச்சரிக்கும் 'ரக்ஷக்' என்ற கையடக்கக் கருவி வந்துவிட்டது. தண்டவாளத்தில் இறங்கும் ஒவ்வொருவர் கையிலும் அது இருந்தாக வேண்டும். வந்தே பாரத்துக்குக் காட்டும் அவசரத்தை இதற்கும் காட்டுங்கள்.

1924இல் பிரிந்த ரயில்வே பட்ஜெட் 2017இல் பொது பட்ஜெட்டில் கலந்துவிட்டது. தனி உரை போனாலும் கணக்குக் கேட்கும் உரிமை நம் எம்.பி.க்களுக்கு இருக்கிறது. எந்தக் கோட்டத்தில் எத்தனை பேருக்குக் கருவி கிடைத்தது, எத்தனை பணியிடம் காலி? இந்தக் கூட்டத்தொடரிலேயே கேளுங்கள்.