தேத்தண்ணியும் பியரும்: பிழை தண்ணீரில்

"ஊரிலிருந்து கொண்டுவந்த அதே தேயிலைதான், ஆனால் ருசியில்லை." இலண்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். கடைக்காரருக்கு ஏச்சு. சில வீடுகளில் மனைவிக்கும் ஏச்சு. பியர் காய்ச்சுபவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள்.

என்னோடு பக்டரியில் நிற்கும் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் வீட்டிலேயே பியர் வடிப்பார். (பிரித்தானியாவில் 1963 முதல் சொந்தப் பாவனைக்கு அனுமதி தேவையில்லை. அனுமதியின்றி விற்றால் குற்றம். அகதி வழக்கு நடக்கும் நேரத்தில் எம்மவருக்கு அந்த வில்லங்கம் வேண்டாம்.) அவர் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். பியரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தானே.

பேர்ட்டன் என்ற ஆங்கில ஊரின் கிணறுகளில் ஜிப்சம் அதிகம். அது ஹொப்ஸ் பூவின் கசப்பை எடுத்துக் காட்டும். 19ஆம் நூற்றாண்டில் அவ்வூர்ப் பியர் இந்தியாவரை கப்பலேறியது. செக் நாட்டுப் பில்சனில் தண்ணீர் மிக மென்மை. 1842இல் அங்கே பொன்னிறப் பியர் வந்தது. இலண்டன், டப்ளின் தண்ணீரிலோ சுண்ணாம்புச் சத்து கூட. முளைவிட்ட வாற்கோதுமையைச் சுடுதண்ணீரில் ஊறவைக்கும்போது கொஞ்சம் புளிப்பு வேண்டும், பி.எச். 5.2 முதல் 5.6 வரை. சுண்ணாம்புத் தண்ணீர் அதைக் கெடுத்துவிடும். கருக வறுத்த தானியத்துக்குப் புளிப்புண்டு. அதனால்தான் இந்த இரு ஊர்களிலும் கறுப்புப் பியர் நன்றாக வந்தது. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரீன் போகாவிட்டால் பியரில் ஆஸ்பத்திரி வாடை வரும். பெரியவர் 20 லீற்றருக்கு அரைக் கம்டன் குளிசை போடுவார்.

அதே இலண்டன் தண்ணீர்தான் எங்கள் கேத்திலிலும். பால் விடாத தேத்தண்ணியில் மிதக்கும் ஆடைக்குத் தண்ணீரிலுள்ள கல்சியமும் பைகாபனேற்றும் காரணமென்று 1993இல் இம்பீரியல் கல்லூரி இரசாயனவியலாளர்கள் காட்டினார்கள். சில துளி தேசிக்காய்ப் புளி விட்டால் ஆடை கட்டாது. யாழ்ப்பாணக் கிணறுகளும் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவைதான். மலைநாட்டிலிருந்து வந்தவர்களுக்கே வித்தியாசம் கூடத் தெரியும். கிளாஸ்கோவில் உறவினர் இருந்தால் அங்கே அதே தேயிலையைப் போட்டுக் குடித்துப் பாருங்கள். 1859 முதல் அந்த நகருக்கு வருவது மென்மையான ஏரித் தண்ணீர்.

புதுத் தேயிலைக்குக் காசு கொட்டுமுன் ஒரு வடிகட்டிச் சாடி வாங்கலாம். அதுவும் வேண்டாமென்றால் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் தங்கிவிடும். கேத்திலில் பிடித்த வெள்ளைப் படிவுக்கு வினாகிரி போதும். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றுங்கள். இல்லாவிட்டால் தேத்தண்ணி புளிக்கும்.