எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

கிருஷ்ணாவில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? கணக்கை எந்த ஆண்டில் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது பதில். பச்சாவத் தலைமையிலான நடுவர் மன்றம் 1973இல் தீர்ப்பளித்தபோது 1894-95 முதல் 78 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தது. நான்கில் மூன்று ஆண்டுகள் நம்பக்கூடிய நீர் 2,060 டி.எம்.சி. என்றது. பிரிஜேஷ் குமார் தலைமையிலான இரண்டாவது மன்றம் 2010இல் எடுத்துக்கொண்டது 1961-62 முதல் 47 ஆண்டுகளை. அதே அளவுகோலில் இப்போது 2,173 டி.எம்.சி. கடைமடை மாநிலமான ஆந்திரம் கொதித்ததில் வியப்பில்லை. காகிதத்தில் கூடிய 113 டி.எம்.சி. ஆற்றில் வராவிட்டால் முதலில் காய்வது அதன் வயல்கள்தான்.

பருவநிலை மாறிவரும் காலத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. நீர்வரத்து உண்மையிலேயே கூடுகிறதா, குறைகிறதா என்று அறிய விஞ்ஞானிகள் பெரிதும் நாடுவது மான்-கெண்டால் சோதனையை. வழி எளிது. ஒவ்வோர் ஆண்டையும் பின்னால் வந்த ஒவ்வோர் ஆண்டோடும் ஒப்பிட வேண்டும். 47 ஆண்டுகள் என்றால் 1,081 ஜோடிகள். ஏற்றங்களும் இறக்கங்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் போக்கு எதுவும் இல்லை. ஒரு பக்கம் மிகவும் சாய்ந்தால், அது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு.

ஆனால் நதிக்கு நினைவாற்றல் உண்டு. நைல் நதியை ஆராய்ந்த பிரிட்டிஷ் நீரியலாளர் ஹரால்ட் ஹர்ஸ்ட் 1951இல் இதை எண்களால் காட்டினார். செழிப்பான ஆண்டுகள் கூட்டமாக வருகின்றன; வறண்ட ஆண்டுகளும் அப்படியே. எனவே 30 ஆண்டுப் பதிவில் தெரியும் சரிவு, நீண்டதோர் அலையின் இறங்குமுகமாக மட்டுமே இருக்கலாம். அஸ்வானில் 1871 முதல் 1898 வரை ஆண்டுச் சராசரி சுமார் 11,000 கோடி கன மீட்டர். அடுத்து 1970 வரை சுமார் 8,500 கோடி. மொத்தப் பதிவையும் சோதித்தால் 'குறைகிறது' என்றே விடை வரும். வரைபடத்தைப் பார்த்தாலோ, அது சரிவல்ல, ஒரே ஒரு படி.

இந்திய நதிகளில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அணைகளும் கால்வாய்களும் மோட்டார் பம்புகளும் உறிஞ்சியது போக மிஞ்சியதைத்தான் அளவுமானி காட்டுகிறது. உறிஞ்சியதைக் கூட்டிச் சேர்த்தால்தான் இயற்கை வரத்து தெரியும். அந்தக் கணக்கைத் தருபவை தண்ணீருக்காக மோதும் மாநிலங்களே. அதில் நேரும் பிழை, தேடப்படும் பருவநிலை மாற்றத்தையே விழுங்கிவிடலாம்.

ஆகவே சோதனை 'போக்கு இல்லை' என்றால் மாற்றமே இல்லை என்று பொருளல்ல. 'உண்டு' என்றால் பருவநிலைதான் குற்றவாளி என்றும் பொருளல்ல. மழைப் பதிவும் அதே கதையைச் சொல்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால், கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கின்றன.