சேத்துப்பட்டில் எழுந்த கேள்வி

காசநோய்க்கு இன்றும் முதல் வரிசை மருந்தாக விளங்கும் ஐசோநியாசிட், 1912ஆம் ஆண்டிலேயே பிராக் நகரில் ஹான்ஸ் மேயர், யோசெப் மாலி ஆகிய இரு வேதியியலாளர்களால் தயாரிக்கப்பட்டுவிட்டது. அது காசநோய்க் கிருமியை வீழ்த்தும் என்பதோ 1950களின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. பழைய பொருள் என்பதால் எவரும் அதற்குக் காப்புரிமை கோர இயலாமல் போனதும், மருந்து மலிவாகக் கிடைத்ததும் நாற்பதாண்டுத் தாமதம் தந்த எதிர்பாராத நன்மை எனலாம்.

மாத்திரை கைக்கு வந்த பின்னரும் சிகிச்சை வந்துவிடவில்லை. நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் கிடத்துவதே முறை என்றிருந்த காலத்தில், படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஈடாக இல்லாத நாட்டில், வீட்டிலிருந்தே குணமாக இயலுமா என்ற கேள்வியை, 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஆராய முற்பட்டது. 193 நோயாளிகளில் ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில் போதிய உணவும் ஓய்வும் இன்றியும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். 1959இலும் அதற்குப் பின்னரும் வெளியான முடிவுகள், இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததையும், உடன் வாழ்ந்தவர்களுக்குத் தொற்று கூடவில்லை என்பதையும் காட்டி, சானடோரியக் காலத்தையே முடிவுக்குக் கொண்டுவந்தன.

படுக்கையில் கிடந்தாலும் வீட்டிலிருந்தாலும் விழுங்கும் மாத்திரை ஒன்றே என்பதால், இத்தகைய கேள்வியில் மருந்து நிறுவனங்களுக்கு அக்கறை இருக்க நியாயமில்லை. அது நோயாளிக்கும் அரசுக்கும் உரிய கேள்வி. அண்மையிலும் இதே நிலைதான். மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கான பெடாகுவிலின் 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனுடன் வேறு மூன்று மருந்துகள் சேர்ந்த ஆறு மாத முறையை உலக சுகாதார நிறுவனம் 2022இல்தான் பரிந்துரைத்தது. அதற்கு அடிப்படையான சோதனையை முன்னின்று நடத்தியதும் எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற தொண்டு அமைப்பே. இந்தியா அம்முறையை ஏற்றது 2024இல். செல்வந்த அரசுகள் செய்திருக்க வேண்டிய பணியைத் தொண்டு அமைப்பு சுமந்தது பெருமைக்குரியதன்று.

இத்தகைய சோதனைகளை அரசே ஏற்க வேண்டும்; அதற்காக அடிப்படை ஆய்வின் பணத்தைப் பறித்துக் களச்சோதனைக்குக் கொடுப்பது தீர்வாகாது. ஐசோநியாசிட்டே நோய் குறித்த எண்ணமின்றிப் பிறந்த பொருள்தான். ஆய்வகத்துக்கு மானியம் வழங்கும் அரசு, கண்டுபிடிப்பு பலன் தரும் கட்டத்தை எட்டும்போது மருத்துவமனைச் சோதனைக்கும், பின்னர் சிற்றூர் சுகாதார நிலையத்தில் அதைக் கையாளும் முறையை ஆராய்வதற்கும் தனி நிதியைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். விஞ்ஞானிகளின் பதவி உயர்வைக் கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் எண்ணியே முடிவுசெய்யும் குழுக்கள், மருந்தின் விலையையோ சிகிச்சைக் காலத்தையோ குறைத்துக் காட்டிய சோதனைகளையும் அதே தராசில் வைக்க வேண்டும்.